கறுப்பு டீசர்ட்டில் கோல்டும் சில்வரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கடை. டீசர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் மற்ற கார்கானாக்களுக்கு (சிறு பட்டறைகளுக்கு) பிரேமில் வலை கட்டி, வெளிச்சத்தில் இறுகும் எமல்ஷன் பூசி, டிசைனை வைத்து எக்ஸ்போஸ் செய்து, அதாவது வெளிச்சம் காட்டி, ஸ்கிரீனாகக் கொடுக்கிறோம். ஸ்கிரீன் வாங்க வருகிறவர்கள் கையோடு ஒரு சந்தேகத்தையும் கொண்டு வருவார்கள். கோகுலாஷ்டமிக்கு உறியடிக்கும் கோவிந்தா குழுக்கள், அடுத்து கணபதி விழா நடத்தும் மண்டல்கள், கார்த்திகையில் மாலை போடும் சாமிகள், பிறகு பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று ஆர்டர்கள் வரிசை கட்டும் மாதங்களில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் கறுப்புத் துணியும் மெட்டாலிக் இங்க்கும் பற்றியதாகவே இருக்கும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன்.

மெட்டாலிக் இங்க்னு சொல்றாங்களே, அதுல நெசமாவே உலோகம் இருக்கா? சும்மா பேரா?

பெரும்பாலும் இருக்கிறது. சில்வர் என்று விற்பது அலுமினியத் தூள். கோல்டு என்பது தாமிரமும் துத்தநாகமும் கலந்த பித்தளை வகைத் தூள். தாமிரம் கூடினால் சிவந்த கோல்டு, துத்தநாகம் கூடினால் பச்சையோடிய மஞ்சள். கடையில் 'ரிச் கோல்டு' என்று தருவதில் ஏறக்குறைய 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். 'பேல் கோல்டு' என்பதில் தாமிரம் 90 பங்கு வரை போகும். தங்கமோ வெள்ளியோ மருந்துக்கும் கிடையாது.

இந்தத் தூள் மணல் மாதிரி உருண்டையாக இருப்பதில்லை. தட்டையான சின்னச் சின்னத் தகடுகள். மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்து படுத்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பி வந்து பளபளக்கும். கண்டபடி நிமிர்ந்து நின்றால் சாம்பல் பூசியது போல இருக்கும். கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் காரணமாக வரப்போகிறது, அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷிம்மர், கிளிட்டர், பேர்ல், ஃபாயில்... எல்லாமே மினுக்குது. கஸ்டமர் 'கோல்டு வேணும்'னு மட்டும் சொன்னா எதைக் கொடுக்கிறது?

ஷிம்மர் என்பது மேலே சொன்ன மெல்லிய உலோகத் தகடு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சீரான உலோகப் பரப்பாகத் தெரியும். கிளிட்டர் நம் ஆட்கள் சம்கி என்று சொல்வது: பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசி, சாயம் ஏற்றி, பொடிப்பொடியாக வெட்டியது. ஒவ்வொரு துணுக்கும் தனித்தனியாக மின்னும், கையால் தடவினால் சொரசொரக்கும். பேர்ல் என்பது அபிரகத் தகட்டின்மேல் டைட்டானியம் அல்லது இரும்பு ஆக்ஸைடு பூசியது. அதில் உலோகமே இல்லை, அதனால் கறுக்கவும் செய்யாது. ஃபாயில் இங்க்கே அல்ல. பசையை அடித்து, அதன்மேல் ஃபாயில் தாளை ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுவது.

கஸ்டமரிடம் வாயால் விளக்கிப் பயனில்லை. நான்கையும் ஒரே கறுப்புத் துணித் துண்டில் அடித்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து அவரே சொல்லிவிடுவார். 'கோல்டு' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி ஆர்டர் எடுத்தால் டெலிவரி அன்றைக்குத்தான் சண்டை வரும்.

அண்ணே, கறுப்புத் துணின்னா எப்பவும் கீழ வெள்ளை அடிப்போமே. கோல்டுக்கும் அடிக்கணுமா?

சாதாரண சிவப்பு, மஞ்சளுக்கு வெள்ளை இல்லாமல் முடியாது. ஷிம்மர் கோல்டும் சில்வரும் அப்படி அல்ல. உலோகத் தகடு தானே வெளிச்சத்தை மறைக்கும். நல்ல சில்வராக இருந்தால் கறுப்பு பருத்தியில் நேரே அடித்தாலே எடுப்பாக வரும்.

கீழே ஒரு பூச்சு தேவைப்படுவது வேறு காரணத்துக்கு: துணியின் மேடு பள்ளத்தை நிரப்பி, தகடுகள் தட்டையாகப் படுக்க இடம் செய்வதற்கு. அப்படி அடிப்பதானால் வெள்ளை வேண்டாம். இடுக்குகளில் வெள்ளை எட்டிப் பார்த்து கோல்டை வெளிறச் செய்துவிடும். கோல்டுக்குக் கீழே காவி கலந்த மஞ்சள், சில்வருக்குக் கீழே இளம் சாம்பல் என்று வைத்துக்கொண்டால், மேலே அங்கங்கே இங்க் மெலிந்திருந்தாலும் தெரியாது. பேர்ல் தலைகீழ். அது வெளிச்சத்தை ஊடே விடும் ரகம். கீழே கறுப்பு இருக்கும்போதுதான் அதன் நிறமே எழுந்து வரும்.

எங்ககிட்ட ட்ரையர் மிஷின் இல்ல, டேபிள் வேலைதான். பிளாஸ்டிசால் நல்லதா, வாட்டர் பேஸ் நல்லதா?

ட்ரையரோ ஹீட் பிரஸ்ஸோ இல்லை என்றால் பிளாஸ்டிசால் பக்கம் போகவேண்டாம். அது பிளாஸ்டிக் (பி.வி.சி.) இங்க், காற்றில் காயவே காயாது. ஏறக்குறைய 160 டிகிரி சூடு முழுப் படலத்துக்கும் ஏறினால்தான் பிடிக்கும். ஹேர் ட்ரையரால் காட்டிவிட்டு 'மேலே காய்ந்துவிட்டது' என்று பேக் செய்தால் முதல் துவையலிலேயே உரிந்து வரும்.

வாட்டர் பேஸ் என்னும் தண்ணீர் இங்க்கின் நிறமில்லாத கிளியர் பேஸ்ட்டில் மெட்டாலிக் தூள் கலந்து, ஃபிக்ஸர் (துணியில் பிடிக்கவைக்கும் மருந்து) சேர்த்து அடிப்பதுதான் டேபிள் வேலைக்குத் தோது. ஃபிக்ஸரின் அளவு டப்பாவில் போட்டிருப்பதற்கு மேலே போகக்கூடாது, கலந்த பேஸ்ட்டை அன்றைக்கே தீர்த்துவிடவேண்டும். காய்ந்த பிறகு 150 டிகிரியில் இரண்டு மூன்று நிமிடம் சூடு காட்ட எங்கேயாவது வழி இருந்தால் துவையலுக்கு நிற்கும். பக்கத்து கார்கானாவின் ட்ரையரில் பீஸ் கணக்கில் ஓட்டித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள். பளபளப்பில் பிளாஸ்டிசால் ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். துணியோடு ஒட்டி மெத்தென்று இருப்பதில் வாட்டர் பேஸ் மேல்.

கைவசம் 120 மெஷ் பிரேம் இருக்கு. அதுலயே கோல்டு அடிச்சுரட்டுமா?

வேண்டாம். மெஷ், அதாவது ஸ்கிரீன் வலையின் துவாரம், தூளின் அளவைப்போல மூன்று மடங்காவது இருக்கவேண்டும். மெஷ் எண்ணை இங்கே சென்டிமீட்டருக்கு இத்தனை நூல் என்று சொல்கிறேன். 120 மெஷ்ஷில் துவாரம் 50 மைக்ரானுக்கும் கீழே. அப்படியானால் 16 மைக்ரானுக்குச் சிறிய தூள்தான் சிரமமில்லாமல் இறங்கும். 77-இல் துவாரம் 70 மைக்ரானைத் தாண்டி இருக்கும், மிக நைசான ஷிம்மர் போகும். 43-இல் ஏறக்குறைய 150 மைக்ரான். சாதாரண ஷிம்மருக்கும் பேர்லுக்கும் இதுதான் என்னிடம் அதிகம் போகும் மெஷ்.

பொருந்தாத மெஷ்ஷில் அடித்தால் வேடிக்கையாக ஒன்று நடக்கும். முதல் சில பீஸ் நன்றாக வரும், அப்புறம் மங்கிக்கொண்டே போகும். தகடுகள் மெஷ்ஷின் மேலேயே தங்கி, வெறும் பேஸ்ட் மட்டும் கீழே இறங்குகிறது. இங்க் கெட்டுப்போனது என்று நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கிளிட்டர் இன்னும் பெரிசு, 200 மைக்ரான் துணுக்கு சகஜம். அதற்கு 10 அல்லது 12 மெஷ், கொசுவலை மாதிரி இருக்கிறதே என்று சந்தேகப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் எழுத்து சுத்தமா விழுது. தமிழ்ல அடிச்சா மட்டும் எழுத்து அடைச்சுக்குதே?

தமிழில் சுழி அதிகம். ண, ஞ, ஐ போன்ற எழுத்துகளில் சுழிக்குள் இருக்கும் வெற்றிடம் சிறியது. 43 மெஷ்ஷில் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி திறந்து நிற்பது கஷ்டம். மெட்டாலிக் படலம் சற்றுத் தடிப்பு என்பதால் பக்கவாட்டிலும் கொஞ்சம் பரவும். மெய்யெழுத்தின் புள்ளி இரண்டில் ஒன்று செய்யும்: கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது விழாமலே போகும். 'நண்பர்கள்' என்று அடித்ததில் புள்ளி எல்லாம் காணாமல் போய் 'நணபரகள' என்று ஊர்வலம் போன டீசர்ட்டைப் பார்த்திருக்கிறேன்.

டிசைன் செய்யும்போதே சரி செய்வதுதான் வழி. தடித்த ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் சுழி இன்னும் சுருங்கும், அதனால் நடுத்தரத் தடிமனில், சுழி அகலமான ஃபான்ட்டாக எடுங்கள். புள்ளியை மட்டும் தனியே தேர்ந்து கொஞ்சம் பெரிதாக்கி, சற்று மேலே தூக்கி வையுங்கள். கிளிட்டர் என்றால் எழுத்து உயரம் இரண்டு அங்குலத்துக்குக் கீழே வேண்டவே வேண்டாம். மராத்தியும் தமிழும் சேர்ந்து வரும் மண்டல் டீசர்ட்டில், தேவநாகரிக்குத் தலைக்கோடு இருப்பதால் அது பெரிதாகத் தெரியும். தமிழ் வரியைக் கொஞ்சம் பெரிய சைஸில் வைத்தால்தான் இரண்டும் சமமாகத் தெரியும்.

ரெண்டு மூணு தடவை இழுத்தா பளபளப்பு கூடும்னு சொல்றாங்களே?

குறையும். ஸ்க்வீஜி என்னும் ரப்பர் கட்டையால் இங்க்கை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் படுத்துக்கொண்டிருக்கும் தகடுகளைக் கலைக்கிறது. ஸ்கிரீனில் இங்க்கை நிரப்பிவிட்டு, அதிகம் அழுத்தாமல் ஒரே சீராக ஒரு இழுப்பு. ஸ்கிரீன் துணியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கட்டும். மறைப்பு போதவில்லை என்றால் இடையில் ஃபிளாஷ் (மேலாக உலர்த்தும் சூடு) காட்டிவிட்டு இன்னொரு முறை அடியுங்கள், ஈரத்தின்மேல் திரும்பத் திரும்ப இழுக்காதீர்கள். டப்பாவின் அடியில் தூள் தங்கும் என்பதால் அவ்வப்போது கிளறிக்கொள்ளவேண்டும்.

மூணு கலர் டிசைன். கோல்டு எத்தனையாவதா வரணும்?

கடைசியில். முன்னாலேயே அடித்தால் அடுத்த ஸ்கிரீனின் அடிப்பாகத்தில் தகடுகள் ஒட்டி, சிவப்பில் நீலத்தில் எல்லாம் மினுமினுப்பு ஏறிவிடும்.

மழைக்காலத்துல மட்டும் ஸ்கிரீன் பாதி வேலையிலயே கழண்டு போகுது. உங்க எமல்ஷன் சரியில்லையா?

இந்தக் கேள்வி எனக்கே நேராக வருவது, ஜூலை பிறந்தால் கட்டாயம் வரும். எமல்ஷன் காய்ந்தால்தான் வெளிச்சத்தில் முழுசாக இறுகும். மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காற்றில் ஈரம் அப்படி. தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே பச்சையாகவே இருக்கும். அதை எக்ஸ்போஸ் செய்தால் மேல்தோல் மட்டும் இறுகும். மெட்டாலிக் தூள் வேறு உரசிக்கொண்டே போகும், வாட்டர் பேஸ் என்றால் தண்ணீரும் ஊறும். நடுவேலையில் விட்டுப்போகாமல் என்ன செய்யும்?

மூடிய இருட்டறை, ஒரு டிஹியூமிடிஃபையர், ஃபேன், இது மூன்றும் இருந்தால் மழைக்காலம் ஒரு பொருட்டே இல்லை. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். நம் கார்கானாக்களில் அறைக்கு இடமில்லை என்றால் பழைய மர பீரோவை இதற்கு ஒதுக்கினாலும் போதும். வாட்டர் பேஸுக்கு என்று தனியே தண்ணீர் தாங்கும் எமல்ஷன் விற்கிறது, ஸ்கிரீன் ஆர்டர் கொடுக்கும்போதே எந்த இங்க் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டுவிட்டு எமல்ஷனைக் குறை சொல்வது நியாயமில்லை.

வெள்ளை இங்க்குக்குக் காட்டுற அதே சூடு, அதே பெல்ட் ஸ்பீடு கோல்டுக்கும் போதாதா?

போதாமல் போக வாய்ப்பு அதிகம். ட்ரையரின் சூடு பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வருகிறது. உலோகப் பரப்பு அதைத் திருப்பி அனுப்பிவிடும், அதிலும் சில்வர் ரொம்ப மோசம். சுற்றியுள்ள கறுப்புத் துணியோ சூட்டை விழுங்கிக்கொண்டு சீக்கிரம் கொதிக்கும். எனவே வெப்பத்தைக் கூட்டாமல், சட்டையை ட்ரையருக்குள் கொண்டுபோகும் பெல்ட்டின் வேகத்தைக் குறையுங்கள். வெப்பத்தைக் கூட்டினால் கறுப்புத் துணி முதலில் கருகும்.

ஆறிய பிறகு பிரிண்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். விரிசல் விட்டு அப்படியே நின்றால் வேகவில்லை. அதோடு, பார்சல் கட்டும் முன்னால் ஒரு பீஸையாவது துவைத்துப் பார்த்துவிடுவது பழக்கமாக இருக்கட்டும்.

டெம்பரேச்சர் கன் வச்சுப் பார்த்தா சில்வர் மேல 110 காட்டுது, பக்கத்துல துணியில 165. கன் ரிப்பேரா?

கன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கருவி, பரப்பிலிருந்து வெளியேறும் அகச்சிவப்பை அளந்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. பளபளப்பான உலோகம் அந்தக் கதிரைக் குறைவாகவே வெளிவிடும், அதனால் குறைந்த எண் காட்டும். ட்ரையருக்குள்ளேயே நீட்டிப் பார்த்தால் ஹீட்டரின் பிரதிபலிப்பையும் சேர்த்து அளந்து கூடுதலாகவும் காட்டும். இரண்டையும் நம்ப முடியாது.

வெப்பத்தில் நிறம் மாறும் ஸ்டிக்கர் பட்டைகள் கிடைக்கின்றன. பிரிண்டின்மேல் ஒட்டி ட்ரையரில் விடுங்கள், எத்தனை டிகிரி தொட்டது என்று அதுவே சொல்லும். அல்லது இங்க்குக்குள் முனை படும்படி வைக்கும் தெர்மோகப்பிள் கருவி. பெரிய எக்ஸ்போர்ட் யூனிட்டுகளில் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பார்ட்டி திரும்பக் கொண்டு வந்துட்டாரு. கோல்டு கறுத்துப் போச்சு, சில்வர் மங்கிப் போச்சுங்கறாரு. நான் என்ன பண்ணேன்?

முதலில் யார் துவைத்தார்கள், எதில் துவைத்தார்கள் என்று கேளுங்கள். கோல்டில் இருப்பது தாமிரம். வியர்வை உப்பு, கடற்காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்குக்கு ஆவதுதான் இதற்கும் ஆகும். கோவிந்தா ஆட்டத்தில் நாள் முழுக்க வேர்த்து நனைந்த சட்டையை அப்படியே மூட்டை கட்டி வைத்துவிட்டு நாலு நாள் கழித்து எடுத்தால் கறுத்திருக்கும், உங்கள் தப்பு எதுவும் இல்லை.

சில்வரின் எதிரி வேறு. அலுமினியம் காரத்தைத் தாங்காது. சலவை சோடாவும், அது கலந்த சோப்புத்தூளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சோடாவில் வேகவைக்கும் சலவைக்குப் போட்டால் ஒரே முறையில் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். ப்ளீச் இரண்டுக்குமே ஆகாது.

கறுக்கவே கூடாது என்று கஸ்டமர் பிடிவாதம் பிடித்தால் இரண்டாம் கேள்வியில் சொன்ன பேர்ல் கோல்டைப் போட்டுக்கொடுங்கள். பளபளப்பு கொஞ்சம் மென்மை, ஆனால் வருஷம் தாண்டி நிற்கும். கறுக்காத பூச்சு போட்ட உலோகத் தூளும் விற்கிறது, விலை கூடுதல்.

வாட்டர் பேஸ்ல சில்வர் கலந்து மூடி வச்சேன். காலையில டப்பா மூடி உப்பிக்கிட்டு நிக்குது. வெடிச்சிருமா?

மூடியை மெதுவாகத் தளர்த்தி, திறந்த வெளியில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, ஹீட் கன் எதுவும் வேண்டாம். உள்ளே சேர்ந்திருப்பது ஹைட்ரஜன். வாட்டர் பேஸ்ட் கெட்டியாக இருப்பதற்கு பெரும்பாலும் அமோனியா சேர்த்துக் காரத்தன்மையில் வைத்திருப்பார்கள். அந்தக் காரத் தண்ணீரும் அலுமினியமும் சேர்ந்தால் வாயு கிளம்பும். இறுக்கமாக மூடிய டப்பா தெறிக்கலாம், நெருப்புப் பட்டால் பிடித்துக்கொள்ளும். இதை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ளச் சொல்லமாட்டேன். ஒரே அறையில் ஹீட் பிரஸ்ஸும் தூங்கும் பாயும் இருக்கும் நம் கார்கானாக்களில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

அன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள். மிஞ்சினால் இறுக்கி மூடாதீர்கள். சிலிக்கா பூசிய, வாட்டர் பேஸுக்கென்றே செய்த அலுமினியத் தூள் இருக்கிறது. கடையில் கேட்கும்போது 'தண்ணி இங்க்குக்கு' என்று அழுத்திச் சொல்லுங்கள்.

கோல்டு பேஸ்ட் ராத்திரியில பச்சையாயிடுச்சு. சாயம் கலந்துட்டாங்களோ?

சாயம் இல்லை. முந்தைய பதிலில் சொன்ன அதே அமோனியா, தாமிரத்தோடு சேர்ந்து நீலப்பச்சை நிறம் தருகிறது. வழியும் அதுவே: அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே அடியுங்கள்.

தூளா வாங்கி நானே கிளியர்ல கலந்தா மலிவாச்சே. எவ்வளவு போடலாம்?

பிளாஸ்டிசால் கிளியர் 100 கிராமுக்கு 10 முதல் 20 கிராம் வரை ஷிம்மர் தூள் போட்டு ஆரம்பியுங்கள். அதற்குமேல் அள்ளிப் போட்டால் பிடித்துவைக்க பேஸ்ட் போதாமல் தகடு உதிர்ந்து கையில் ஒட்டும். கழுத்தில் மினுக்கோடு ஊர் சுற்றிய கஸ்டமர் மறுபடி வரமாட்டார்.

தூளைக் கலக்கும்போது ஃபேனை நிறுத்துங்கள், முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். கைக்குட்டை கட்டுவது போதாது. மூச்சில் போனால் கெடுதல் என்பது ஒன்று. அலுமினியத் தூள் காற்றில் பரவினால் தீப்பிடிக்கும் என்பது இன்னொன்று. இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் கலந்தே வரும் பேஸ்ட்டை வாங்குவதுதான் சரி. மிச்சமாகும் காசு அவ்வளவு பெரிது அல்ல.

சாமி சரணம். குழுவுக்குக் கறுப்பு டீசர்ட், முதுகுல ஐயப்பன் படம், மொத்தமும் தங்கத்துல வேணும். போட்டோ மாதிரி நிழல் எல்லாம் விழணும். முடியுமா சாமி?

மொத்தமும் தங்கத்தில் என்றால் நிழல் விழாது சாமி. நிழல் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் வருவது. 43 மெஷ்ஷில் அந்தப் புள்ளிகள் நிற்காது என்று தமிழ் எழுத்துக் கேள்வியிலேயே பார்த்தோம். அதோடு உலோகத்தின் வெளிச்சமும் நிழலும் பார்க்கிற கோணத்தைப் பொறுத்து மாறும். நேரே பார்த்தால் பிரகாசமாக இருக்கும் கன்னம், பக்கத்திலிருந்து பார்த்தால் இருண்டுவிடும். முகம் முகமாகவே தெரியாது.

இதற்கு ஒரு வழி உண்டு, அழகாகவும் வரும். முகம், உடல், பீடம் எல்லாவற்றையும் மஞ்சள், காவி, பழுப்பு என்று சாதாரண இங்க்கில் புள்ளி போட்டு நைஸ் மெஷ்ஷில் அடியுங்கள். நிழலுக்கு என்று தனி நிறம் வேண்டாம், சட்டையின் கறுப்பையே விட்டுவிடலாம். கடைசியாக கிரீடம், மாலை, யோகப்பட்டை, சுற்றியுள்ள பிரபை, இவற்றின் கோடுகளில் மட்டும் கோல்டு ஷிம்மரை ஏற்றுங்கள். தங்கம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் தங்கமாகத் தெரிகிறது. பதினெட்டுப் படியைக் காட்டுவதானால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கோடு போதும்.

மலைக்கு முதுகில் பையோடு போவார்கள், பிரிண்ட் நன்றாக உரசும். அதனால் கிளிட்டரும் ஃபாயிலும் இந்த ஆர்டருக்கு வேண்டாம்.

சிவப்பு ட்ரை-ஃபிட் ஜெர்சியில சில்வர் அடிச்சோம். அன்னிக்கு நல்லா இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு ரோஸா மாறிடுச்சு!

ஜெர்சி பாலியெஸ்டர். அதன் சாயம் சூட்டில் ஆவியாகி மேலே கிளம்பி இங்க்குக்குள் ஏறிவிடும். உடனே தெரியாது, மெல்ல மெல்ல ஏறும். அடர்ந்த சிவப்பு, மெரூன், கடற்படை நீலம் மூன்றிலும் ஜாஸ்தி. சில்வர் தகடுகளின் இடுக்கு வழியாகவும், கீழே வெள்ளை அடித்திருந்தால் அதன் வழியாகவும் ஊறி வரும்.

பாலியெஸ்டருக்கு என்று சாயத்தை உறிஞ்சும் கரி கலந்த சாம்பல் நிற அடிப்பூச்சு இருக்கிறது. சில்வருக்குக் கீழே சாம்பல் இருப்பது நமக்கு வசதிதானே. அதை முதலில் அடித்து, மேலே 130 டிகிரி சுமாரில் வேகும் குறைந்த சூட்டு இங்க்கைப் போடுங்கள். சூடான சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள். அடுக்கின் நடுவில் சூடு தங்கி, ட்ரையரில் தப்பிய சாயம் அங்கே கிளம்பும்.

டிஸ்சார்ஜ் அடிச்சு அது மேல கோல்டு போட்டா துணி மெத்துன்னு இருக்கும்னு ஒரு பையன் சொன்னான்...

சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். டிஸ்சார்ஜ் பேஸ்ட், துணியின் சாயத்தையே அழித்து வெளுக்கச் செய்யும், மேலே படலம் நிற்காது. அதில் மஞ்சள் பிக்மென்ட் கலந்து அடித்து, மேலே மெல்லிய கோல்டு போட்டால் எடையே தெரியாது. ஆனால் ரியாக்டிவ் சாயம் போட்ட பருத்திக்கு மட்டும்தான் இது, அதிலும் எல்லா நிறமும் அழியாது. ஒவ்வொரு லாட் துணியிலும் ஒரு துண்டைச் சோதித்துவிட்டு இறங்குங்கள். டிஸ்சார்ஜ் முழுக்கக் காயாமல் மேலே பிளாஸ்டிசாலால் மூடினால் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாடை கண்ணைக் கரிக்கும். ஜன்னல் இல்லாத மாடி அறையில் இந்த வேலையை எடுக்கவேண்டாம். எடுத்தால் சட்டையைத் துவைத்துத்தான் கொடுக்கவேண்டும்.

பிரிண்ட் மேல மயிர் மயிரா நூல் நீட்டிக்கிட்டு பளபளப்பைக் கெடுக்குது. என்ன பண்ண?

துணி மலிவு. பயோ-வாஷ் செய்த 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) பருத்தி வாங்குங்கள். என்ஸைமில் கழுவி மேல் மயிரை எடுத்திருப்பார்கள். திருப்பூர் பார்சலிலேயே இரண்டு ரகமும் வரும், விலை வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான். சிலிக்கான் சாஃப்ட்னர் அதிகம் ஏற்றிய துணியும் வேண்டாம், வழவழப்பாக இருக்கும், இங்க் பிடிக்காது.

வாங்கியாகிவிட்டது என்றால் காவி மஞ்சள் அடிப்பூச்சை அடித்து, ஃபிளாஷ் காட்டி, டெஃப்லான் ஷீட் வைத்து ஹீட் பிரஸ்ஸில் ஒரு அழுத்து. நீட்டிய நூல் படுத்துவிடும், அதன்மேல் கோல்டு. முடிந்த பிரிண்டையும் அப்படியே இன்னொரு முறை அழுத்தினால் தகடுகள் இன்னும் தட்டையாகி, விலை உயர்ந்த இங்க் மாதிரி மின்னும். கிளிட்டரில் இதைச் செய்யாதீர்கள், துணுக்கு மடங்கிவிடும்.

ஃபாயில்தான் எல்லாத்தையும் விட மின்னுது. அப்புறம் ஏன் எல்லாரும் ஷிம்மர் அடிக்கணும்?

ஒரு நாள் கூத்துக்கு ஃபாயில் ராஜா. கல்யாண சங்கீத், டான்ஸ் குரூப், மேடை என்றால் தயங்காமல் போடுங்கள். அந்தக் கண்ணாடிப் பளபளப்பு வேறு எதிலும் வராது. துவைக்கத் துவைக்க விரிசல் விட்டு உரியும், வயிறு முதுகு இழுபடும் இடங்களில் சீக்கிரம். வாரம் ஒருமுறை போட்டுத் துவைக்கும் சட்டைக்கு ஷிம்மரே கட்டுபடி.

பாப்பா சட்டையில கிளிட்டர் கேக்குறாங்க, போடலாமாக்கா?

என் மனைவியிடம் கேட்டவர் ஒரு தையல்கார அம்மா. அவள் சொன்ன பதிலே என் பதிலும்: வாயில் வைத்துச் சப்பும் வயசுக் குழந்தைக்கு வேண்டாம். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு என்றால் தாலேட் (பிளாஸ்டிக்கை நெகிழவைக்கச் சேர்க்கும் ரசாயனம்) இல்லாத இங்க் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கி, நன்றாக வேகவைத்து, மேலே ஒரு கிளியர் பூச்சு கொடுங்கள். துணுக்கு உதிராது.

நேர்ல நல்லா இருக்கு, வாட்ஸப்ல போட்டோ அனுப்பினா கோல்டு பழுப்பா தெரியுது. பார்ட்டி நம்ப மாட்டேங்கறாரு.

போட்டோவில் ஒரே கோணம்தான் விழும். வெளிச்சம் திரும்பும் திசையில் கேமரா இல்லை என்றால் உலோகம் இருட்டாகத்தான் பதியும். ஜன்னல் பக்கமாக வைத்து, சட்டையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்புங்கள்.

போன வருஷம் அடிச்ச அதே கோல்டு வேணும்னு மண்டல்காரங்க வந்து நிக்கிறாங்க. எப்படி மேட்ச் பண்றது?

அவர்கள் கொண்டுவரும் பழைய சட்டையைப் பார்த்து மேட்ச் செய்யாதீர்கள். ஒரு வருஷ வியர்வையில் அது சிவந்தோ கறுத்தோ போயிருக்கும். அதற்குப் பொருத்தமாகக் கலந்தால் புதுச் சட்டை முதல் நாளே பழசாக இருக்கும்.

ஒவ்வொரு ஆர்டர் முடிந்ததும் அதே துணியில் ஒரு துண்டு அடித்து, ஈரம் போகாத ஜிப் கவரில் போட்டு வையுங்கள். கவர்மேல் இங்க்கின் பெயர், ரிச்சா பேலா, கிளியருக்கு எத்தனை கிராம், மெஷ் எண், அடிப்பூச்சு நிறம், ட்ரையர் வேகம் இத்தனையும் எழுதவேண்டும். மெஷ் மாறினாலே அதே இங்க் வேறு கோல்டாகத் தெரியும். ஸ்கிரீனை என்னிடம் எக்ஸ்போஸ் செய்தவர்கள் என்றால் மெஷ் எண்ணும் தேதியும் பிரேமின் உள்பக்கம் மார்க்கரில் இருக்கும், திருப்பிப் பாருங்கள்.